கேதீஸ்வரி ரீச்சரின் இடது கால்

எனக்குக் கோபம் வந்தால் முதலில் கையில் இருக்கும் ஸ்பனரைக் கீழே வைத்துவிட வேண்டும் என்று என் மனைவி ஒரு சட்டம் போட்டிருக்கிறாள். செட்டிபாளையத்தில் கராஜ் வைத்திருக்கும் பாக்கியராசாவுக்குக் கை நல்லது, வாய் கெட்டது என்றுதான் ஊரும் என்னைப் பற்றிச் சொல்லும். வாயைப் பற்றி எனக்கு வழக்கில்லை. ஆனால் யுத்தம் முடிந்து ஒரு வருடம் கழிந்த நேரத்தில் ஒரு கார் வந்து என் கையையும் பொய்யாக்கிவிட்டது.

அது கேதீஸ்வரி ரீச்சரின் கார். முகப்பில் எம்.ஜி. என்று இரண்டு எழுத்துப் பதித்த, இரண்டே பேர் இருக்கக்கூடிய, கூரையை மடித்துப் பின்னால் போட்டுக்கொள்ளும் பச்சை ஸ்போர்ட்ஸ் கார். ஐம்பத்திரண்டாம் ஆண்டு செய்தது. வாழைச்சேனைக் கடதாசி ஆலையில் வேலை பார்த்த ஒரு வெள்ளைக்கார எஞ்சினியர் ஊருக்குத் திரும்பும்போது ரீச்சரின் மாமனாரிடம் கொடுத்துவிட்டுப் போனாராம். மாமனாருக்குப் பிறகு ரீச்சரின் கணவர் அருமைநாயகத்தார் ஓடினார். கார் ஓட்டுவதை நாங்கள் ஓடுவது என்றுதான் சொல்வோம். அவர் சீனி வருத்தம் முற்றிப் போய்ச் சேர்ந்த பிறகு ரீச்சரே ஓடத் தொடங்கினார். வீடு குருக்கள்மடத்தில். பள்ளிக்கூடம் வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில். தலையில் ஒரு துவாயை இறுக்கிக் கட்டிக்கொண்டு, பின்னால் கொப்பிக் கட்டுகளை அடுக்கிக்கொண்டு, அம்பிளாந்துறைப் பாதையில் காரை ஏற்றி வாவியைக் கடந்து போய்வருவார். பாதை என்றால் எங்கள் பக்கத்தில் வாகனங்களை ஏற்றிக்கொண்டு போகிற மிதவை.

கிளச் வழுக்குகிறது என்று அந்த வருடம் சித்திரையில் கொண்டுவந்தார். சின்ன வேலை. கிளச் பெடலை அமத்தினால் முதல் ஓர் அங்குலத்துக்கு ஒன்றும் நடக்கக்கூடாது, சும்மா போக வேண்டும். அதற்குப் பிறகுதான் பாரம் தெரிய வேண்டும். அந்தச் சும்மா போகிற அங்குலம் இல்லாவிட்டால் கிளச் தட்டு முழுதாக ஒட்டாது. எஞ்சின் கத்தும், கார் நகராது, தட்டுக் கருகும். காருக்குக் கீழே படுத்து, பெடலிலிருந்து வரும் கம்பியின் நுனியில் உள்ள நட்டைத் தளர்த்தி, அங்குலத்தைச் சரியாக எடுத்து, அது கழலாமல் மேலே பூட்டு நட்டை இறுக்கிவிட்டால் முடிந்தது. அரை மணித்தியாலம் போதும். செய்து கொடுத்தேன், நானே ஓடியும் பார்த்தேன். கைபிரேக்கை இழுத்து, மேல் கியரைப் போட்டு, கிளச்சை விட்டால் எஞ்சின் திணறி நிற்க வேண்டும். நின்றது.

பத்தாம் நாள் ரீச்சர் திரும்பி வந்தார். அங்குலத்தைக் காணவில்லை.

மறுபடி எடுத்துக் கொடுத்தேன். மறுபடி வந்தார். கியர்பெட்டியை இறக்கிப் பார்த்தால் தட்டுக் கருகிக் கிடந்தது. அதைக் காத்தான்குடி இப்றாஹிமிடம் அனுப்பிப் புதிதாக லைனிங் ஒட்டுவித்துப் பூட்டினேன். மூன்று கிழமையில் அதுவும் வழுக்கத் தொடங்கியது. இதற்கிடையில் ரீச்சர் களுவாஞ்சிகுடியில் வேறொரு கராஜ்காரரிடமும் காட்டிப் பார்த்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அந்த ஆளும் கையை விரித்துவிட்டார் என்று கேட்ட பிறகுதான் இறங்கியது.

கடைசியில் ரீச்சர் வந்து, இனி எனக்குத் தொந்தரவு தர மாட்டேன் என்று ஆறுதலாகச் சொன்னார். பழைய கார்களைச் சேர்க்கிற ஒருவர் கொழும்பிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வருகிறாராம். அவரிடம் கொடுத்துவிட முடிவு செய்துவிட்டாராம். வாவிக்கரையில் பாதையில் ஏற மாட்டாமல் கார் நின்றுவிட்டால் தனியாள் என்ன செய்வது என்று கேட்டார். கேள்வி நியாயம்தான். எனக்குத்தான் தலை சுற்றியது.

அந்தக் கார் எங்கள் ஊரை விட்டுப் போகக்கூடாது. ஏன் என்று சொல்கிறேன்.

இரண்டாயிரத்து நாலில், சுனாமியாகக் கடல் வந்த அன்று ஞாயிற்றுக்கிழமை, அதோடு போயா, பௌர்ணமி விடுமுறை. அப்போது என் வீடும் கராஜும் ஒரே வளவில், கடற்கரைக்குப் போகும் ஒழுங்கையில், அலைச்சத்தம் கேட்கிற தூரத்தில் இருந்தன. காலையில் எட்டு மணிக்கெல்லாம் ரீச்சர் வந்து நின்றார். பள்ளிக்கூட விடுமுறைக்குள் கிளச்சைச் சரிபார்த்துவிட வேண்டுமாம். போயா நாளில்கூட மனிதரை விட மாட்டார்கள் என்று அவருக்குக் கேட்கும்படியே முணுமுணுத்துக்கொண்டு கீழே படுத்தேன். நட்டைத் திருகி அளவை எடுத்துவிட்டு, எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, முதல் கியரைப் போட்டு, கிளச்சை அமத்திப் பிடித்துக்கொண்டு இருக்கச் சொன்னேன். கார் அசையாமல் நின்றால் அளவு சரி. அசையாமல்தான் நின்றது. பூட்டு நட்டை இறுக்க மற்ற ஸ்பனரை எடுப்போம் என்று வெளியே ஊர்ந்து வந்தேன்.

அப்போதுதான் ஒழுங்கையில் ஆட்கள் ஓடி வந்தார்கள். கடல் வருகிறது என்று யாரோ கத்தினார்கள். கடல் எப்படி வரும் என்று கேட்டுக்கொண்டு நான் நின்றேன். என் மூளை அவ்வளவுதான். கராஜில் எஞ்சின் கழற்றிய ஓட்டோ ஒன்றும், பற்றரி இல்லாத வான் ஒன்றும் நின்றன. உயிரோடு நின்ற ஒரே வாகனம் ரீச்சரின் கார். அவர் அதை விட்டு இறங்கி ஓடியிருக்கலாம். பலர் அப்படித்தான் வண்டிகளை விட்டுவிட்டு ஓடினார்கள். ரீச்சர் கிளச்சிலிருந்து காலை எடுக்காமல் இருந்தபடியே ஹோர்னை அடித்தார்.

"புள்ளையத் தூக்கிக்கொண்டு ஏறுங்க" என்றார்.

என் மனைவி எங்கள் நாலு வயது மகள் நிலக்சியை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து இருக்கையில் விழுந்தாள். அடுத்த வளவுச் சீதேவிப்பிள்ளை மாமியைத் தூக்கிப் பின்னால் மடித்துக் கிடந்த கூரைமேல் போட்டேன். நான் பக்கத்துக் கால்பலகையில் நின்று கண்ணாடிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். ரீச்சர் காலைத் தூக்கினார். கார் திணறவில்லை, துள்ளவில்லை. பூட்டு நட் இறுக்கவில்லை, கியரை மாற்ற வேண்டாம் என்று மட்டும் நான் கத்தினேன். முதல் கியரிலேயே ஒழுங்கை முழுவதும் ஓடினார். திரும்பிப் பார்த்தேன். கறுப்புத் தண்ணீர் என் படலையைத் தூக்கிக்கொண்டு வந்தது. பிரதான வீதியைத் தாண்டி வாவிக்கரைக்குப் போனபோது அது எங்களுக்குப் பின்னால் எங்கோ நின்றுவிட்டிருந்தது. நட் வழியில் கழன்று விழுந்து பெடல் தரையோடு கிடந்ததால், சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்துத்தான் காரை நிறுத்தினார். நிலக்சி ரீச்சரின் துவாய் நுனியைப் பிடித்தபடி விடவேயில்லை.

எங்கள் ஒழுங்கையில் பதினேழு பேர் போனார்கள். வீடும் கராஜும் இருந்த இடம் வெறும் மணலாகக் கிடந்தது. என் வேலைமேசையின் முதிரைப் பலகை மட்டும் மூன்றாம் நாள் ஒரு தென்னந்தோப்பில் கிடைத்தது. பிறகு பிரதான வீதியோரத்தில் புதுக் கராஜ் போட்டபோது அதைத்தான் மேசையாக்கினேன். என் மனைவியும் மகளும் கிடைத்தார்கள். அதற்கு மேல் என்ன வேண்டும்?

ஆனால் ரீச்சருக்கு நான் நன்றி என்று ஒரு சொல் சொன்னதில்லை. எங்கள் பக்கத்தில் அது கூட்ட மேடையில் கடைசியாகச் சொல்கிற சொல். தெரிந்த மனிதரிடம் வாசலில் நின்று சொன்னால் ஆளைத் தள்ளிவைத்த மாதிரி இருக்கும். கோயில் பொங்கலுக்கும் மகளின் பிறந்தநாளுக்கும் ஒரு தட்டம் பலகாரம் அவர் வீட்டுக்குப் போகும், அவ்வளவுதான். அந்தக் கார் ஓடும்வரை அதைப் பார்த்துக்கொடுப்பது என் பொறுப்பு என்று மனதுக்குள் வைத்திருந்தேன். அதைத்தான் இப்போது செய்ய முடியாமல் நின்றேன்.

வெள்ளிக்கிழமை இப்றாஹிமுக்கு ஃபோன் போட்டு, உன் லைனிங் என்ன லைனிங், கடதாசியா என்று வாயில் வந்தபடி ஏசினேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்று கேட்டான்.

"அண்ணன், ஓடிப் பார்க்கக்குள்ள ஆரு ஓடினது?"

நான்தான் என்றேன். கராஜ்காரன் ஓடாமல் வேறு யார் ஓடுவது?

"நீங்க ஓடினாச் சரியாத்தான் இருக்கும். ரீச்சரை ஓடவிட்டுப் பக்கத்தில இருந்து பாருங்க."

இருபத்தைந்து வருடத் தொழிலில் நான் ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை. வாடிக்கைக்காரர் வாகனம் ஓட்ட நான் பக்கத்தில் இருப்பதாவது! எங்கள் தொழிலில் அது மானக்கேடு. ஃபோனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

சனிக்கிழமை காலையில் ரீச்சர் கொக்கட்டிச்சோலைக் கோயிலுக்குப் போவதாக இருந்தார். கை மாறுவதற்கு முன் காரை ஒருதரம் கோயில் வாசலில் நிறுத்திக் கும்பிட வேண்டும் என்று ஆசை. வியாழக்கிழமைதான் நான் நாலாம் தடவையாகப் புது லைனிங்கோடு அங்குலத்தை எடுத்து வைத்திருந்தேன். நானும் வருகிறேன் என்று பக்கத்தில் ஏறிக்கொண்டேன். முன்னால் பார்க்கவில்லை. குனிந்து அவருடைய கால்களையே பார்த்துக்கொண்டு போனேன். என்ன நினைத்தாரோ, சேலைக் கரையைக் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டார்.

செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஓடுவார். முதல் கியர், இரண்டு, மூன்று, மேல் கியர். எல்லாம் பிசகில்லாமல் போட்டார். ஆனால் மேல் கியர் விழுந்த பிறகும் இடது கால் கிளச்சை விட்டு இறங்கவில்லை. அழுத்தவும் இல்லை. விரல்கள் ஐந்தும் பெடலில் படுத்துக் கிடந்தன. அந்தப் பாரத்தில் என் அங்குலம் முழுவதும் உள்ளே போயிருந்தது. துறைக்குப் போகும் வழியில் முன்பு இராணுவம் மறித்துச் சோதிக்கிற சென்றி இருந்த இடங்கள் மூன்று. மணல் நிரப்பிய பீப்பாய்களையும் மூட்டைகளையும் எடுத்துவிட்டார்கள். ஒரு இடத்தில் இப்போது இளநீர் விற்கிறார்கள். அந்த மூன்று இடத்திலும் ரீச்சர் வேகத்தைக் குறைத்து, கிளச்சை அரைவாசி அமத்தி, இல்லாத பீப்பாய்களைச் சுற்றுகிற மாதிரி ஊர்ந்து போனார். எஞ்சின் உறுமியது. லைனிங் கருகுகிற மணம் எனக்கு வந்தது.

எனக்குள் ஏறிய கோபத்தைச் சொல்லி மாளாது. கையில் ஸ்பனர் இருக்கவில்லை, நல்லகாலம். பாதையில் கார் ஏறி, வாவிக்கு நடுவில் போகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"ரீச்சர், உங்கட இடது கால் எங்க இருக்கு?" என்று கேட்டேன்.

குனிந்து பார்த்தார். எஞ்சின் அணைந்து, கார் நிற்கும்போதும் அது கிளச்சில்தான் இருந்தது. அவருக்கே அது புதினமாக இருந்தது முகத்தில் தெரிந்தது.

அதற்குப் பிறகு நான் பேசியவை எழுதக் கூடியவை அல்ல. மூன்று மாதம், நாலு தடவை, இரண்டு லைனிங், இப்றாஹிமோடு சண்டை, களுவாஞ்சிகுடியில் என் மானம் எல்லாவற்றையும் சேர்த்துக் கொட்டினேன். படித்த மனிதருக்கு இதுகூடத் தெரியாதா என்றும் கேட்டுவிட்டேன். பாதைக்காரர்கள் கம்பத்தை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். ரீச்சர் முழுவதையும் கேட்டார். பிறகு வாவியைப் பார்த்தபடி தணிந்த குரலில் சொன்னார்.

தொண்ணூற்றாறில் ஒருநாள் பொழுதுபடுகிற நேரம் அருமைநாயகத்தார் ஒரு சென்றியில் இராணுவத்தான் கையைக் காட்டிய பிறகும் இரண்டு முழம் தள்ளித்தான் காரை நிறுத்தினாராம். அடுத்த நாள் மத்தியானம்தான் விட்டார்களாம். வந்தபோது ஒரு காது கேட்கவில்லையாம். கடைசிவரை அந்தக் காது கேட்கவில்லை. அதன்பிறகு அவர் கிளச்சிலிருந்து காலை எடுத்ததே இல்லை. ரீச்சருக்கு ஓடப் பழக்கியபோதும் முதல் பாடமாக அதைத்தான் சொன்னார். கால் அங்கே இருந்தால் கையைக் காட்டியவுடன் நிற்கலாம், விடு என்றவுடன் போகலாம்.

"சென்றியெல்லாம் எடுத்தாச்செண்டு எனக்குத் தெரியும் தம்பி. காலுக்கு ஆரு சொல்ற?" என்றார். காலைத் தூக்கிக் காட்டி, "எடுத்தாலும் வேற எங்க வைக்கிற? இதுக்குள்ள இடமெங்க இருக்கு?" என்றார்.

நான் குனிந்து பார்த்தேன். உண்மைதான். அந்தக் காரின் கால்வைக்கும் பள்ளம் ஒடுக்கம். கிளச்சுக்குப் பக்கத்தில் ஒரு சாண்கூட இல்லை, காலைத் தூக்கினால் அந்தரத்தில்தான் பிடிக்க வேண்டும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது. ஆட்கள் கத்திக்கொண்டு ஓடிவந்தபோது பதறி இந்தக் கால் பெடலை விட்டிருந்தால், பூட்டு நட் இறுக்காத அந்தக் கார் துள்ளிப் போய்க் கராஜ் சுவரில் இடித்து நின்றிருக்கும். இந்தக் கால் பெடலை விடவில்லை. வருடக்கணக்காக எடுக்காமல் பழகிய கால். அதனால்தான் என் வீட்டில் இன்றைக்கு ஒரு பிள்ளை ஐந்தாம் வகுப்பில் படிக்கிறது. இந்தக் காலுக்குத்தான் நான் இவ்வளவு நேரம் ஏசியிருக்கிறேன். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அழுகையும் வந்தது. காற்றில் தூசி விழுந்த மாதிரிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

கோயிலில் ரீச்சர் காருக்கு அர்ச்சனை செய்தார். நான் ரீச்சரின் நட்சத்திரத்தைக் கேட்டு அதற்கு ஒரு அர்ச்சனை செய்தேன். திரும்பி வரும் வழியில், பின்னேரம்வரை காரை என்னிடம் விடச் சொல்லிக் கேட்டேன்.

கராஜுக்கு வந்ததும் ரீச்சரை இருக்கையில் இருத்தி, குதிக்கால் விழும் இடத்தில் சோக்குக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டேன். பிறகு என் வேலைமேசையில் ஒரு மூலையை வாளால் அறுத்தேன். சத்தம் கேட்டு வந்த மனைவி, கடல் விட்டுவைத்ததையும் வெட்டுகிறீர்களா என்று கேட்டாள். எதற்கென்று சொன்னேன். என் கையிலிருந்த மண்கடதாசியை வாங்கி, குந்தியிருந்து தானே தேய்க்கத் தொடங்கினாள். பாதத்தில் சிராய் ஏறக்கூடாது என்று நாலு பக்கமும் வழவழப்பாகத் தேய்த்தாள். முன்பக்கம் உயர்ந்து பின்பக்கம் தணிந்த, ஒரு பாதம் அளவான கட்டை. அந்தக் காரின் தரையே பலகை என்பதால் நாலு போல்ட் போட்டுக் கிளச்சுக்கு இடப்பக்கமாக இறுக்கினேன். அதற்கு இடம் எடுக்கப் பெடல் தண்டைச் சுடவைத்து அரை அங்குலம் வளைத்தேன். பிறகு என் அங்குலத்தையும் சரியாக எடுத்து வைத்தேன்.

ரீச்சர் வந்து காலை வைத்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் எடுக்காமலே இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கொழும்புக்காரர் வந்தார். நல்ல மனிதர், காரைத் தொடுவதற்கு முன் செருப்பைக் கழற்றினார். அதுவே எனக்குப் பயமாக இருந்தது. சுற்றிச் சுற்றிப் பார்த்து எல்லாம் அசல் என்று மகிழ்ந்தார். கடைசியாகக் குனிந்தவர், இது என்ன கட்டை என்று கேட்டார். சிரித்துக்கொண்டு, பரவாயில்லை, இதைக் கழற்றித் துளைகளை அடைத்துவிட்டால் அசல் மாதிரியே வந்துவிடும் என்றார்.

ரீச்சர் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். இதில் வாயைத் திறக்க எனக்கு உரிமையில்லை என்று அன்றைக்காவது தெரிந்திருந்தது.

"கட்டையக் கழட்டுறதெண்டா நான் காரைக் குடுக்கல்ல" என்றார் ரீச்சர். கொழும்புக்காரர் உடனே, கழற்றாமலே வைத்துக்கொள்கிறேன் என்றார். அதற்கும் ரீச்சர் மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டார். தூரத்திலிருந்து வந்தவருக்கு எங்கள் வீட்டில் மீன்குழம்போடு சோறு போட்டு அனுப்பினோம்.

ஒரு மாதம் கழித்து ரீச்சர் தானாகவே வந்து காரை நிறுத்தினார். கீழே படுத்துப் பார்த்தேன். மேலே வந்து பெடலுக்குப் பக்கத்தில் அளவு பார்க்கிற அடிமட்டத்தை வைத்து அமத்திப் பார்த்தேன். ஓர் அங்குலம் அப்படியே இருந்தது. கட்டையின் மேல் பாதத்தின் அச்சு லேசாகப் படிந்திருந்தது. முதல் கிழமை கால் கட்டைக்கும் கிளச்சுக்குமாக ஓடித்திரிந்தது என்றும், இளநீர் விற்கிற இடத்தில் மட்டும் இன்னும் சொல்வழி கேட்பதில்லை என்றும் ரீச்சர் சொன்னார். நான் அடிமட்டத்தைத் துடைத்தேன். பிறகு ஒருதரம் துடைத்தேன்.

"அண்டைக்கு நீங்க இந்தக் காலை எடுக்கல்ல, ரீச்சர்" என்றேன். "நன்றி."

மேடைச் சொல்தான். வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை. ரீச்சர் துவாயை அவிழ்த்து மறுபடி கட்டினார். கட்டி முடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"இனி எடுக்கலாம்தானே, தம்பி?" என்றார்.

எடுக்கலாம் என்றேன். ரீச்சர் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, கியரைப் போட்டு, வீதியில் ஏறினார். மேல் கியர் விழுகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு எஞ்சின் உறுமவில்லை. சத்தம் மறையும்வரை வாசலில் நின்று கேட்டுவிட்டு, அதே மேடைச் சொல்லோடு இப்றாஹிமுக்கு ஃபோன் எடுத்தேன்.